பூனைக்கும் நாய்க்கும் பச்சை இறைச்சி கொடுக்கலாமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

சமூக ஊடகங்களில் செல்லப்பிராணிப் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கிண்ணம் பழக்கமானதுதான். அரைத்த மாட்டிறைச்சி, ஒரு துண்டு ஈரல், மேலே உடைத்து ஊற்றிய காடை முட்டை, ஓரத்தில் பச்சைக் கோழிக் கழுத்து. பூனையோ நாயோ சில நிமிடங்களில் கிண்ணத்தைக் காலி செய்துவிடும்.

வீடியோவுக்குக் கீழே வழக்கமான சண்டை. இதுதான் இயற்கை உணவு என்பார்கள் சிலர். கிருமி வரும், கொடுக்காதே என்பார்கள் வேறு சிலர்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இப்போது கூடுதலான வீடுகளில் எழுகிறது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 2 பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. பெரும்பாலான கழக வீடுகளில் சமையலறை சின்னது. பூனைக்கான பச்சை இறைச்சி இருக்கும் அதே ஃப்ரிட்ஜில்தான் பாட்டியின் தயிரும் குழந்தையின் பால் புட்டியும் இருக்கும்.

அதனால் இது செல்லப்பிராணியின் உணவைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. வீட்டில் உள்ள எல்லாரையும் தொடும் கேள்வி.

பச்சை உணவு என்றால் என்ன?

சமைக்காத இறைச்சி, ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகள், எலும்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கொண்ட உணவு. சிலர் கொஞ்சம் காய்கறியும் சேர்ப்பார்கள்.

கடைகளில் இது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது:

- உறைய வைத்த இறைச்சிக் கட்டிகள்
- உறையவைத்து ஈரத்தை நீக்கிய 'ஃப்ரீஸ் டிரைட்' துண்டுகள்
- ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ வாங்கி வீட்டிலேயே தயாரிப்பது

இரண்டாவது வகையைப் பலர் பச்சை உணவாகவே நினைப்பதில்லை. பார்க்க பிஸ்கட் மாதிரி இருக்கும். ஆனால் அதுவும் சமைக்காததுதான்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய விலங்கு மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். நாய்களுக்குப் பச்சை எலும்பும் இறைச்சியும் கொடுப்பது பற்றி 1993இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் 'பார்ஃப்' என்ற பெயர் பரவியது.

ஏன் பலர் மாறுகிறார்கள்?

முதல் காரணம் நம்பிக்கை குறைந்தது. 2007இல் வட அமெரிக்காவில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்த செல்லப்பிராணி உணவைச் சாப்பிட்டுப் பல பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஏராளமான உணவு வகைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்ற சந்தேகம் அதன்பின் பலருக்கு வந்தது. அதில் தவறில்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ரோமம் பளபளக்கிறது, மலம் குறைவாகப் போகிறது என்கிறார்கள். இது கற்பனை இல்லை. பச்சை உணவில் கொழுப்பு பெரும்பாலும் அதிகம். அதனால் ரோமம் மினுமினுக்கும். இறைச்சி நன்றாகச் செரிப்பதால் கழிவும் குறையும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு பலன்களும் இறைச்சியாலும் கொழுப்பாலும் கிடைப்பவை. அதே இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் கிடைக்கும். 'பச்சையாக' இருப்பதால் மட்டும் செல்லப்பிராணி கூடுதல் காலம் வாழ்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை.

"ஓநாய் சமைச்சா சாப்பிடுது?"

அடிக்கடி கேட்கும் வாதம் இது.

நாய் ஓநாயிலிருந்து வந்தது உண்மை. ஆனால் மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அதன் உடலும் மாறிவிட்டது. 2013இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் இருப்பதைக் காட்டியது. சோறு சாப்பிடும் நாய் 'கெட்டுப்போன ஓநாய்' இல்லை. அது நாய், அவ்வளவுதான்.

பூனையின் கதை வேறு. பூனைக்கு இறைச்சி கட்டாயம் தேவை. டாரின் என்ற சத்தை அதனால் உடலில் போதுமான அளவு உற்பத்தி செய்துகொள்ள முடியாது. ஆனால் 'இறைச்சி தேவை' என்பதும் 'பச்சை இறைச்சி தேவை' என்பதும் ஒன்றல்ல.

காட்டில் வாழும் விலங்குகளுக்குக் குடற்புழுவும் தொற்றும் சாதாரணம். அவை பெரும்பாலும் நீண்ட காலம் வாழ்வதில்லை. நம் வீட்டுப் பூனை 15 வயதுவரை இருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்படுகிறோம்?

கிருமிகள் உண்மையிலேயே அவ்வளவு இருக்கா?

சோதனைகள் சொல்வதைப் பார்ப்போம்.

- அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010க்கும் 2012க்கும் இடையே செல்லப்பிராணி உணவுகளைச் சோதித்தது. பச்சை உணவு மாதிரிகள் 196. அவற்றில் 15இல் சால்மொனெல்லா, 32இல் லிஸ்டீரியா கிருமி இருந்தன.
- நெதர்லந்தில் கடைகளில் வாங்கிய 35 உறையவைத்த பச்சை உணவுகளை ஆய்வாளர்கள் சோதித்தனர். முடிவுகள் 2018இல் வெளியாயின. 19இல் லிஸ்டீரியா, 7இல் சால்மொனெல்லா, 8இல் இ.கோலி கிருமியின் ஆபத்தான வகை. 28இல் சில முக்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத இ.கோலி வகை இருந்தது.

கடைசி எண்ணிக்கைதான் மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமி வீட்டுக்குள் வந்தால், பின்னர் ஒருவருக்குத் தொற்று ஏற்படும்போது வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இப்படிப்பட்ட காரணங்களால் அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கம் 2012இல், சமைக்காத விலங்குப் புரதத்தை நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதைத் தவிர்க்கும்படி பரிந்துரைத்தது.

சரி, நாம் வாங்கும் கோழி சோதிக்கப்பட்டதுதானே என்று கேட்கலாம். சோதிக்கப்படுகிறது. ஆனால் அது சமைத்துச் சாப்பிடுவதற்காக விற்கப்படும் கோழி. அடுப்புத்தான் கடைசிப் பாதுகாப்பு. அந்தப் படியைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

சிங்கப்பூரில் இதே பாடத்தை மனிதர்களின் உணவிலும் பார்த்திருக்கிறோம். 2015இல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்ட பலருக்கு 'ஜிபிஎஸ்' கிருமி தொற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில், சமைக்காமல் சாப்பிடும் உணவுகளில் நன்னீர் மீனைச் சேர்த்து விற்க உணவுக் கடைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாதா?

பெரும்பாலும் இல்லை. இதுதான் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம்.

உறைநிலை, சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பாக்டீரியாக்களைத் தூங்க வைக்கும், அவ்வளவே. வெளியே எடுத்து உருக வைத்ததும் அவை விழித்துக்கொள்ளும். லிஸ்டீரியா இன்னும் மோசம். ஃப்ரிட்ஜின் குளிரிலேயே அது மெல்லப் பெருகும்.

'ஃப்ரீஸ் டிரைட்' முறையும் கிருமிகளை முழுமையாக அழிப்பதில்லை. ஈரம் இல்லாததால் அவை பெருகாமல் இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் நிலைமை மாறும்.

சில நிறுவனங்கள் 'எச்பிபி' என்ற உயர் அழுத்த முறையைப் பயன்படுத்துகின்றன. அது கிருமிகளின் எண்ணிக்கையை நன்றாகக் குறைக்கும். ஆனால் முழு உத்தரவாதம் இல்லை.

பறவைக் காய்ச்சல்: பூனைகளுக்குப் புதிய ஆபத்து

கடந்த சில ஆண்டுகளில் இந்த விவாதத்தின் தீவிரம் கூடியதற்கு எச்5என்1 கிருமி ஒரு முக்கியக் காரணம். பூனைகளை அது கடுமையாகத் தாக்குகிறது.

2023இல் தென்கொரியத் தலைநகர் சோலில், பூனைக் காப்பகங்களில் இருந்த பூனைகள் எச்5என்1 தொற்றி இறந்தன. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட, சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத வாத்து இறைச்சி உணவில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த ஒரு பூனை இறந்தது. அது சாப்பிட்ட உறையவைத்த பச்சை வான்கோழி உணவில் இருந்த கிருமியும் பூனையிடம் இருந்த கிருமியும் ஒத்துப்போயின. அந்த உணவு மீட்டுக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதமே, பச்சை இறைச்சியையோ பச்சைப் பாலையோ பயன்படுத்தும் பூனை, நாய் உணவுத் தயாரிப்பாளர்கள் எச்5என்1 ஆபத்தைக் கணக்கில் கொண்டு தங்கள் பாதுகாப்புத் திட்டங்களை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

பூனையை வெளியே விடாமல் வளர்த்தால் எந்தத் தொற்றும் வராது என்பது பலரின் நம்பிக்கை. கதவைப் பூட்டினாலும் கிண்ணத்தின் வழியே வந்துவிடும் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது.

நல்ல செய்தி: முழுமையாகச் சமைத்தால் இந்தக் கிருமி அழிந்துவிடும்.

"என் நாய் நல்லாத்தானே இருக்கு?"

இருக்கலாம். நாயின் வயிறு பல கிருமிகளைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நோய் வராத நாயும் கிருமியைப் பரப்பும்.

கனடாவில் 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சால்மொனெல்லா இருந்த பச்சை உணவு 16 நாய்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுக்கப்பட்டது. 7 நாய்களின் மலத்தில் அந்தக் கிருமி அடுத்த சில நாள்களுக்கு வெளியேறியது. ஆனால் எந்த நாயும் நோய்வாய்ப்படவில்லை.

இனி அந்த நாய் வீட்டில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னைத் தானே நக்கும். பிறகு உங்கள் முகத்தை நக்கும். சோபாவில் படுக்கும். தரையில் தவழும் குழந்தை அதே இடத்தைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும்.

பிரிட்டனில் 2017இல் 4 பேருக்கு இ.கோலி ஓ157 கிருமி தொற்றியது. ஒருவர் இறந்தார். அவர்களில் மூவர், பச்சைக் குடல் இறைச்சி சாப்பிட்ட நாய்களோடு தொடர்பில் இருந்தவர்கள். 2023இல் கனடா அறிவித்த, மருந்துக்குக் கட்டுப்படாத சால்மொனெல்லா பரவலிலும் பச்சைச் செல்லப்பிராணி உணவின் தொடர்பு தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் சிறு குழந்தைகள்.

கீழ்க்கண்டவர்கள் வீட்டில் இருந்தால் பச்சை உணவு வேண்டாம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை:

- 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள்
- 65 வயதைத் தாண்டியவர்கள்
- கர்ப்பிணிகள்
- புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்

கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை. பச்சை இறைச்சி சாப்பிடும் பூனைக்கு டோக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றினால் அதன் மலத்தில் அது வெளியேறலாம். அது வயிற்றில் உள்ள சிசுவைப் பாதிக்கும். வெளியேறிய ஒட்டுண்ணி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே பூனையின் மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள், அதைக் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்யட்டும்.

சத்து சரியாகக் கிடைக்குமா?

கிருமியைப் பற்றிப் பேசிப் பேசி பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கிருமியின் பாதிப்பு சில நாள்களில் தெரியும். சத்துக் குறைபாடு தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

- வெறும் சதை மட்டும் கொடுத்தால்: இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுக்கத் தொடங்கும். குட்டிகளுக்கு எலும்பு வளையும், சாதாரணமாகக் குதித்தாலே முறியும்.
- ஈரல் அதிகமானால்: வைட்டமின் ஏ அளவுக்கு மீறும். பூனைகளுக்குக் கழுத்து எலும்புகள் ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்ப முடியாமல் போகலாம்.
- பச்சை மீன் அடிக்கடி கொடுத்தால்: சில மீன் வகைகளில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். பூனை தள்ளாடும், தலையைக் கீழே தொங்கப்போடும், வலிப்பு வரலாம்.
- டாரின் குறைந்தால்: பூனையின் இதயத் தசை பலவீனமாகும். இந்தத் தொடர்பை ஆய்வாளர்கள் 1987இல் கண்டறிந்தனர். அதன்பிறகே பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறையைப் பின்பற்றலாமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், வீட்டில் நாய் உணவு தயாரிப்பதற்கான 200 செய்முறைகளைப் பரிசோதித்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, 95 விழுக்காட்டுச் செய்முறைகளில் குறைந்தது ஓர் அத்தியாவசியச் சத்தாவது போதவில்லை. அவற்றில் விலங்கு மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு.

எலும்பு கொடுக்கலாமா?

சமைத்த எலும்பு கூடவே கூடாது. அது கூர்மையாக உடைந்து தொண்டையையோ குடலையோ கிழிக்கும்.

பச்சை எலும்பு அந்த அளவுக்குச் சிதறாது. ஆனால் அதுவும் பல்லை உடைக்கலாம், குடலை அடைக்கலாம். அடைப்பு ஏற்பட்டால் அறுவை சிகிச்சைதான். பல் சுத்தமாக வேண்டும் என்றால் செல்லப்பிராணிகளுக்கான பற்பசையும் தூரிகையும் இருக்கின்றன.

அப்போ கிபிள்தான் ஒரே வழியா?

இல்லை. கிபிள் எனப்படும் உலர் உணவும் நூறு விழுக்காடு பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2012இல் உலர் நாய் உணவின் மூலம் பரவிய சால்மொனெல்லாவால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 பேர் பாதிக்கப்பட்டனர். ஆனால் உலர் உணவு சூடாக்கித் தயாரிக்கப்படுவதால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

நடுவழிகள் சில உண்டு:

- டின் உணவு: டின்னிலேயே அதிக வெப்பத்தில் சமைக்கப்பட்டது. ஈரம் அதிகம். தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கும் பூனைகளுக்கு நல்லது.
- சமைத்து உறையவைத்த உணவு: உண்மையான இறைச்சி வேண்டும், கிருமி வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது.
- வீட்டில் சமைத்த உணவு: இறைச்சியின் உள்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவிடுங்கள். ஆனால் விலங்கு மருத்துவர் கொடுக்கும் செய்முறையும் சத்துத் தூளும் கட்டாயம் வேண்டும்.

வீட்டில் சமைப்பது என்றதும், மிச்சமிருக்கும் கோழிக் குழம்பில் சோற்றைப் பிசைந்து வைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் அது பழைய பழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனை, நாயின் சிவப்பு ரத்த அணுக்களை அழிக்கும். குழம்பில் கரைந்திருந்தாலும் ஆபத்துதான். பாட்டியிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்!

எல்லாம் தெரிந்தும் பச்சை உணவுதான் கொடுக்கப்போகிறீர்களா?

அது உங்கள் முடிவு. ஆனால் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் விலங்கு மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். நாளை செல்லப்பிராணிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவருக்கு அந்தத் தகவல் தேவை.
2. பொட்டலத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்' என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'சப்ளிமென்டல்' என்றிருந்தால் அது முழு உணவு இல்லை.
3. உயர் அழுத்த முறையில் பதப்படுத்தியதா என்று கேளுங்கள்.
4. பச்சைப் பன்றி இறைச்சி வேண்டாம். சில நாடுகளின் பன்றிகளிடம் காணப்படும் ஆவ்ஜெஸ்கி கிருமி, நாய்க்கும் பூனைக்கும் தொற்றினால் உயிர் பிழைப்பது மிக அரிது. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் பச்சைக் கோழி, வாத்து, வான்கோழியையும் தவிருங்கள்.
5. மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். சமையலறை மேசையில் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.
6. இறைச்சியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும்.
7. தனிக் கத்தி, தனிப் பலகை, எவர்சில்வர் கிண்ணம். செல்லப்பிராணி சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வீசிவிட்டுக் கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
8. கையைச் சவர்க்காரத்தால் 20 வினாடி கழுவுங்கள். சாப்பிட்டவுடனே முகத்தை நக்க விடாதீர்கள்.
9. வேலைக்குப் போகும்போது உணவு கொடுக்கும் பொறுப்பு இல்லப் பணிப்பெண்ணிடமோ அம்மாவிடமோ இருந்தால், இந்த விதிமுறைகளை அவர்களுக்கும் விளக்குங்கள். பச்சை இறைச்சியைத் தொடப்போவது அவர்கள்தான். அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள்.

நிறுத்த நினைத்தால்?

ஒரே நாளில் மாற்றாதீர்கள். 7 முதல் 10 நாள்களுக்குப் புதிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழையதைக் குறையுங்கள். காத்திருக்கும் நாள்களிலும் பச்சை உணவு வேண்டாம் என்றால், அதே இறைச்சியைச் சமைத்துக் கலந்து கொடுக்கலாம்.

பூனை பிடிவாதம் பிடித்தால் பட்டினி போடக் கூடாது. பசித்தால் சாப்பிடும் என்ற கணக்கு பூனையிடம் எடுபடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

- ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி
- மலம் கழிக்க முக்கித் திணறுவது, வயிறு உப்பியிருப்பது
- மூச்சுத் திணறல், தள்ளாட்டம், வலிப்பு
- பூனை 24 மணி நேரத்துக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது

வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், வீட்டில் செல்லப்பிராணிக்குப் பச்சை இறைச்சி கொடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்காமல் போகலாம். ஆனால் எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்று முடிவெடுக்க அந்த ஒரு தகவல் அவருக்கு உதவும்.